தாளிக்காத பெருநாள்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மகளின் கையிலிருந்த தூக்குச்சட்டியைத் தட்டிவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போயிற்று. நோன்புக் கஞ்சி சமையலறைத் தரையெல்லாம் சிதறியது. பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த மணம் வீடு முழுக்க எழுந்தது. பதிமூன்று வயதுப் பெண், அழக்கூடத் தோன்றாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டில் அவள் சிநேகிதியின் அம்மா கொடுத்தனுப்பிய கஞ்சி அது. "யாரைக் கேட்டு வாங்கிட்டு வந்தே?" என்று கேட்டேன். அவள் ஒரு பதில் சொன்னாள். அந்தப் பதில்தான் என் கையை அப்படிச் செய்யவைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது சொன்னால் ஒன்றுமில்லாத பதிலாகத்தான் தெரியும்.

நீங்கள் என் வயதுக்காரர்கள். நம் எல்லோர் கையிலும் தோளுக்குக் கீழே வட்ட வட்டமாக இரண்டு தழும்புகள் இருக்கின்றன. என் மகள் சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்து, "பூ மாதிரி இருக்கும்மா" என்பாள். அது எதற்காகக் குத்தியது என்று நான் விவரமாகச் சொன்னதில்லை. பெரியம்மை என்ற ஒன்று இப்போது உலகத்திலேயே இல்லை என்று அவள் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. இல்லாத ஒன்றைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

நோன்பு மாதம் ஒவ்வொரு வருஷமும் பத்து நாள் போல முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஒரு சுற்று முடிந்து பழைய பருவத்துக்கே வந்து சேர முப்பத்திரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். இந்த வருஷம் அது கத்திரி வெயிலில் வந்திருக்கிறது. எனக்கு ஒன்பது வயதானபோதும் கத்திரி வெயிலில்தான் வந்தது.

அப்போது நாங்கள் ராயபுரத்தில் இருந்தோம். ஒரே முற்றத்தைச் சுற்றி மூன்று வீடுகள். முற்றத்தின் நடுவில் ஒரு குழாய். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஓட்டுக் கூரை. வீட்டுக்கு வீடு சுவர் இருந்ததே தவிர, அந்தச் சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழத்துக்குத் திறந்திருக்கும். ஒரு வீட்டில் இருமினால் மூன்று வீட்டுக்கும் கேட்கும். ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் மூன்று வீட்டிலும் தும்முவார்கள். துறைமுகத்திலிருந்து நிலக்கரித் தூள் பறந்து வந்து காயப்போட்ட துணியில் உட்காரும். வெள்ளைச் சட்டை என்று அந்த முற்றத்தில் யாருக்கும் கிடையாது.

முதல் வீடு எங்களுடையது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பா துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் குமாஸ்தா. அம்மா, நான், நாலு வயதுத் தம்பி. நடுவீட்டில் பாயம்மாவும், கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டுகிற பாயும். கடைசி வீட்டில் டீச்சரம்மா. தனியாக இருந்தார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மட்டும் குடை எடுத்துக்கொள்வார்.

அந்த முற்றத்தில் தின்பண்டம் போக வர ஒரு சட்டம் இருந்தது. யாரும் சொல்லிவைத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். நாங்கள் சைவம். தீபாவளிக்கு அம்மா சுட்ட அதிரசமும் முறுக்கும் தட்டுத் தட்டாக மற்ற இரண்டு வீட்டுக்கும் போகும். அங்கிருந்து சமைத்தது எதுவும் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வராது. பெருநாளன்று பாயம்மா ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் அரிசி, சர்க்கரை, வறுக்காத சேமியா, சின்ன ஜாடியில் நெய், காகிதத்தில் மடித்த முந்திரி என்று அடுக்கிக் கொண்டுவருவாள்.

"பச்சைச் சாமான்தான் யக்கா. உங்க அடுப்புல நீங்களே செஞ்சி துன்னுங்க" என்பாள்.

அம்மா சிரித்த முகத்தோடு வாங்கி, பாயம்மா திரும்பியதும் அதன்மேல் தண்ணீர் தெளித்து உள்ளே எடுப்பாள். டீச்சரம்மா கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு மட்டும் கேக்குக்குப் பதிலாக ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுப்பார். "எங்க முத்தத்துல மூணு சாமி, ஒரே குழாய்" என்று அப்பா ஆபீசில் பெருமையாகச் சொல்வாராம். எங்கள் அடுப்பில் வெந்தது அங்கே போயிற்று, அவர்களிடமிருந்து வேகாதது மட்டும்தான் இங்கே வந்தது என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்களுக்குத் தோன்றியதா என்றும் தெரியவில்லை.

பாயம்மாவின் முகம் முழுக்க அம்மைக் குழிகள். சின்ன வயதில் வந்து பிழைத்தவள். அவள் மடியில் உட்கார்ந்துகொண்டு தம்பி ஒவ்வொரு குழியாக விரலை வைத்து எண்ணுவான். அவனுக்குத் தெரிந்ததே பன்னிரண்டு வரைதான். பன்னிரண்டு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான்.

"இன்னா தொரை, எம்மாங் குழி கீது?"

"பன்னெண்டு."

"நேத்தும் பன்னெண்டுதானே சொன்னே? ஒண்ணுகூட தேயலியா?"

அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்து 'கீது' என்று பேசி அம்மாவிடம் குட்டு வாங்குவான்.

அந்தச் சித்திரையில் பின் தெருக்களில் அம்மை வார்த்திருக்கிறது என்று பேச்சு வந்தது. அம்மை குத்துகிறவர் தோளில் பையோடு வீடு வீடாக வர ஆரம்பித்தார். எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே குத்தியாயிற்று. தம்பிக்குக் குத்தவில்லை. இந்த வெயிலில் குத்தினால் காய்ச்சல் வந்து பிள்ளை துவண்டுவிடும், ஆடி போகட்டும் என்றாள் அம்மா. அதோடு, ஆத்தா வருகிற வழியில் ஊசியை நீட்டுவது அவளை வம்புக்கு இழுப்பது போல என்ற பயம்.

பாயம்மா முதல் நாளே குழாயடியில் சொல்லிவிட்டாள். "யக்கா, என் மூஞ்சப் பாரு. குத்துனா ரெண்டு நாள் காச்ச. குத்தலன்னா இது. நான் பொழச்சிக்கினேன். என்னோட படுத்த என் ரெண்டு தங்கச்சியும் போயிட்டாளுங்க."

அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளே வந்து அப்பாவிடம், "நல்ல நாளும் பொழுதுமா என்ன பேச்சு பேசுதா பாருங்க, கருநாக்கு" என்றாள்.

அம்மை குத்துகிறவர் எங்கள் முற்றத்துக்கு வந்த அன்று காலை, அம்மா தம்பியை அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் உட்காரவைத்து ஒரு பழைய சேலையால் மூடினாள். ஒளிந்து விளையாடுகிற விளையாட்டு என்று அவனிடம் சொல்லியிருந்தாள். அப்பா வாசலில் நின்றார். படித்தவர், ஆங்கிலப் பேப்பர் வாசிக்கிறவர்.

"எத்தினி புள்ளைங்க சார்?"

"ஒண்ணுதான்" என்றார் அப்பா. என்னை முன்னால் தள்ளினார்.

அவர் என் கைத் தழும்பைப் பார்த்தார். பிறகு முற்றத்தைச் சுற்றிப் பார்த்து, தன் வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டு நின்ற பாயம்மாவைக் கேட்டார். "ஒண்ணுதானாம்மா? முந்தாநாள் ஒரு சின்னப் பையன் டயர் உருட்டிக்கினு இந்தப் பக்கம் ஓடுனானே?"

பாயம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கண்ணாலேயே கெஞ்சினாள்.

"எனக்குத் தெரியாதுங்க. ஒறவுக்காரப் புள்ளையா இருக்கும்" என்றாள் பாயம்மா.

அவர் போய்விட்டார். பீப்பாய்க்குப் பின்னாலிருந்து வியர்வையில் குளித்து வெளியே வந்த தம்பி, "நான்தான் ஜெயிச்சேன்" என்றான். ஒரு பிள்ளைதான் என்று அப்பா சொன்ன பொய் இரண்டு மாதம் ஆவதற்குள் உண்மையாயிற்று.

பிறகு நோன்பு வந்தது. பள்ளிக்கூடம் லீவு. சாயங்காலமானால் பாயம்மா வீட்டிலிருந்து அந்தக் கஞ்சி மணம் சுவருக்கு மேலாக எங்கள் வீட்டுக்குள் இறங்கும். பசி வேளையில் அது வயிற்றைப் பிடித்து இழுக்கும். அம்மைக்குப் பயந்து விரதம் இருந்த அம்மா அந்த நேரத்தில் விளக்குப் போட அம்மன் கோயிலுக்குப் போய்விடுவாள்; தம்பியை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாள் நோன்போ மூன்றாம் நாளோ, அவன் நேராகப் போய் பாயம்மா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கும் கஞ்சி."

பாயம்மா என்னைப் பார்த்தாள். "அம்மாவக் கேட்டுக்கினு வா கண்ணு. கேக்காம நான் தர மாட்டேன். அவங்க சைவம். அது தப்பு."

நான் போனேன். கோயில் வரை போகவில்லை. தெருமுனையில் ஒரு மாட்டுவண்டி நின்றிருந்தது. அதன் பக்கத்தில் நின்று, போய்வர ஆகிற நேரத்தை மனதுக்குள் எண்ணிக்கொண்டு திரும்பிவந்தேன்.

"அம்மா சரின்னாங்க."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

அவள் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் அடுப்பில் வெந்த ஒன்றை எங்கள் வீடு ஏற்றுக்கொண்டது என்று நினைத்துவிட்டாள். ஆனாலும் அன்று தரவில்லை. "இன்னிக்குக் கறி போட்டுட்டேன். நாளிக்கு வா."

மறுநாளிலிருந்து அவள் வீட்டுக் கஞ்சியில் கறி இல்லை. பாய் வேலைவிட்டு வந்து, பள்ளிவாசலில் நகரா முரசு அடித்ததும் நோன்பு திறந்து, ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்ப்பார்.

"இன்னாடி இது? நாள் பூரா வின்ச் இழுத்துட்டு வர்றவனுக்குப் பத்தியக் கஞ்சியா?"

"புள்ளைங்க துன்னுதுங்க. சும்மா குடி."

எங்களுக்கு என்று அவள் வைத்திருந்தது நீல விளிம்பு போட்ட ஒரு எனாமல் கிண்ணம். ஒரு பக்கம் எனாமல் பெயர்ந்து கறுப்பாக மீன் போல ஒரு வடிவம் தெரியும். தம்பிக்கு மீன் தன் பக்கம் இருக்க வேண்டும். சூடு ஆகாது அவனுக்கு. பாயம்மா கிண்ணத்திலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து கிண்ணத்துக்கும் ஆற்றுவாள். அவன் முகத்தை அருகே கொண்டுபோய்க் கேட்பான்.

"ஆறிச்சா?"

"ஆறல."

"இப்ப?"

"இன்னும் ஆறல தொரை. அவசரப்பட்டா நாக்கு வெந்துடும்."

பத்து நாள் குடித்திருப்போம். அதன்பிறகு அம்மா கோயிலிலிருந்து சீக்கிரமே திரும்ப ஆரம்பித்தாள். நாங்கள் போக முடியவில்லை. நோன்பு பாதி தாண்டிய பிறகு ஒரு மத்தியானம் தம்பி குழாயடியில் விளையாடிக்கொண்டிருந்தவன் வந்து அம்மா மடியில் படுத்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. நாலாம் நாள் நெற்றியில் முத்துக்கள் எழும்பின.

அம்மை கண்ட வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை. வெளியார் உள்ளே வரக் கூடாது. வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது. அப்பா செருப்புப் போடாமல் வேலைக்குப் போனார். வீட்டில் எண்ணெய் காயக் கூடாது, தாளிக்கக் கூடாது. அந்த நெடி பட்டால் ஆத்தா சீறுவாள். மருந்து கிடையாது. படுத்திருப்பது பிள்ளை இல்லை, ஆத்தா. அதனால் வாய் திறந்து எது கேட்டாலும் மறுக்கக் கூடாது. கேட்பது அவள். தம்பி இளநீர் கேட்டான், வந்தது. நுங்கு கேட்டான், அப்பா வெயிலில் அலைந்து வாங்கிவந்தார். விசில் கேட்டான், அதுவும் வந்தது. ஊதத்தான் அவனுக்குத் தெம்பில்லை.

பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும். அம்மா வேப்பங்கொத்தால் அவனை வருடிக்கொண்டிருந்தாள். "என்ன வேணும் தாயி? கேளு, குடுக்கேன்."

கண்ணைத் திறக்க முடியாதபடி முகமெல்லாம் முத்து. உதடு மட்டும் அசைந்தது. "பாயம்மா கஞ்சி."

அம்மாவின் கை நின்றது. "என்ன கஞ்சி?"

"பூண்டு கஞ்சி. மீன் கிண்ணத்துல."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, இவன் எங்கன குடிச்சான் அத?"

"பாயம்மா குடுத்தாங்க" என்றேன்.

அது பொய்யில்லை. அவள் கொடுத்தது உண்மைதான். அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் மட்டும் விட்டுவிட்டேன். அம்மா எங்களை அடிக்க எடுக்கிற விசிறிக் காம்பைப் பார்த்தேன், அம்மாவின் கையைப் பார்த்தேன், பயந்துவிட்டேன். ஒன்பது வயது என்று நீங்கள் சொல்வீர்கள். என் மகளுக்கு ஒன்பது வயதானபோது அவளைப் பார்த்து நானும் அப்படிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆறுதலாக இல்லை.

சுவர் கூரையைத் தொடவில்லை என்றேன் அல்லவா? அவன் கேட்டது நடுவீட்டுக்கும் கேட்டிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பாயம்மா வந்து வேப்பிலைக்கு வெளியே நின்றாள். கையில் அந்த நீல விளிம்புக் கிண்ணம்.

"யக்கா, புதுச் சட்டில வெச்சேன். கறி இல்ல, பூண்டு இல்ல, தாளிக்கல. அரிசியும் பாசிப்பருப்பும் தேங்காப்பாலுந்தான். நோன்பு, அதனால உப்புகூட பாக்கல. ஒரே ஒரு வாய் குடு யக்கா, புள்ள கேக்குது. நீ வேண்ணா சித்த நேரம் படு, நான் உள்ள வந்து ஒக்காந்துக்கறேன். எனக்கு வந்து போனதுதானே, எனக்கு ஒண்ணும் ஆவாது."

அம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். எட்டு நாள் தூங்காத கண். அதுவரை பாயம்மாவை 'நீங்க' என்று மட்டுமே கூப்பிட்டவள்.

"என்னக் கேக்காம என் பிள்ள வாயில ஊத்துனேல்லா? விரதம் இருக்க வீட்டுப் பிள்ளைக்கு ஊத்துனேல்லா? உன் கஞ்சிதான்ட்டி இங்கன முத்து முத்தா நிக்கி! ஆத்தா இதக் கேக்க மாட்டா. இது கேக்கது ஆத்தா இல்ல. போ, என் வாசல்ல நிக்காத!"

பாயம்மா வாயைத் திறந்தாள். ஒரு சொல் வெளியே வர இருந்தது. அப்போது அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது.

"தப்புதான் யக்கா" என்றாள். "நான் கேட்டிருக்கணும்."

கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அம்மா அதைத் தொடவில்லை. என்னையும் தொடவிடவில்லை. உள்ளே தம்பிக்குப் பாயம்மாவின் குரல் கேட்டிருக்கிறது.

"ஆறிச்சா?" என்றான்.

அம்மா முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டாள். நான்தான் சொன்னேன். "ஆறல."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "இப்ப?"

"இன்னும் ஆறல."

சாயங்காலம் வரை கேட்டான். சாயங்காலம் வரை சொன்னேன். அதற்குள் கஞ்சியின் மேல் ஆடை காய்ந்து வெடித்து, விளிம்பில் எறும்பு வரிசை வைத்திருந்தது.

பெருநாள் வந்தது. தெரு முழுக்க புதுத்துணி, அத்தர் வாசனை. எங்கள் கூரைக்குக் கீழே மட்டும் எந்த மணமும் இல்லை. நெய் காயும் வாசம் இல்லை, வெங்காயம் வதங்கும் வாசம் இல்லை. "நாம இப்பிடிக் கிடக்கயில அவுக சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வாராவ போல" என்றாள் அம்மா. மறுநாள் காலை பத்து மணிக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. தம்பி சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொள்வான். அன்று பொத்தவில்லை. அம்மாதான் முதலில் அதைக் கவனித்தாள்.

அம்மையில் போனவர்களை எரிப்பதில்லை. அப்பா அவனைக் கையிலேயே தூக்கிக்கொண்டு போனார். முற்றத்தைத் தாண்டும்போது பாயம்மா குழாயடியில் முக்காட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். கிட்டே வரவில்லை. அவன் பாய், தலையணை, விசில், அந்தக் கிண்ணம் எல்லாவற்றையும் அப்பா ஒரு கோணியில் கட்டிக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார். கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது அந்த முற்றத்தின் வழக்கம். அந்தக் கிண்ணம் திரும்பவே இல்லை. ஒரு மாதத்தில் நாங்கள் திருவொற்றியூருக்கு வீடு மாறிவிட்டோம். பாயம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பவில்லை.

கல்யாணமாகிச் சில மாதங்களில், ஒரு பஸ்ஸில் டீச்சரம்மாவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, குடை மட்டும் அதே மாதிரிக் குடை. என் கையைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பற்றிப் பேசினார். பேச்சோடு பேச்சாக, "அந்தப் பெருநாளன்னிக்கு நடுவீட்டுல எண்ணெய்ச் சட்டியே அடுப்புல ஏறல, தெரியுமா உனக்கு?" என்றார்.

எனக்குத் தெரியாது.

"பிரியாணி இல்ல. சேமியாகூட வறுக்கல. வந்த சொந்தக்காரங்களுக்கெல்லாம் வெறும் கஞ்சி, பழம். பாய்க்கு வந்ததே கோபம். 'வருஷத்துல ஒரு நாள்டி, அதுக்குமா பத்தியம்?'னு கத்தினாரு. அவ சொன்னா, 'பக்கத்துல அம்மை வார்த்த புள்ள கீது. தாளிப்பு வாசம் பட்டா ஆவாதுன்றாங்க. ஆவுமோ ஆவாதோ, அது என் வூட்லேர்ந்து போவக் கூடாது'ன்னு. எங்கிட்டயும் வந்து கேட்டா, 'டீச்சர், நீங்களும் ரெண்டு நாளைக்கு எண்ணெய் வெக்காதீங்க'ன்னு."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா நிறுத்தவில்லை.

"நீ சொல்லித்தான் குடுத்தேன்னு அவ எங்கிட்டச் சொல்லியிருந்தா. உங்கம்மா அப்படிப் பேசின அன்னிக்கு நான் கேட்டேன், ஏன் அத உங்கம்மாகிட்ட சொல்லலன்னு. 'ஒரு புள்ள பாயில கெடக்குது டீச்சர். இன்னொண்ணு அடி வாங்கணுமா?'ன்னா."

அவர்கள் எங்கே என்று கேட்டேன். பாய் இறந்த பிறகு அவள் ஏதோ ஊரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாளாம். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போயிருந்தேன்.

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். படித்த பிறகு எனக்குத் தெரிந்துவிட்டது: அந்த நோய் கஞ்சியில் வரவில்லை, மூச்சில் வந்தது. பீப்பாய்க்குப் பின்னால் மறைக்காமல் இருந்திருந்தால் வந்திருக்காது. பாயம்மாவின் மேல் விழுந்த பழியை எடுக்க வேண்டுமானால் அதை வேறு யார் மேலாவது வைக்க வேண்டும். அம்மாவின் மேல் வைக்க எனக்குக் கை வரவில்லை. என் மேல் வைக்கலாம். என் பொய்யையாவது சொல்லலாம். அதற்கும் வாய் வரவில்லை.

போன வருஷம், அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். திடீரென்று சொன்னாள். "அன்னைக்கு ஒரு வாய் குடுத்துருக்கலாம்ட்டி."

நான் ஆற்றுவதை நிறுத்தினேன்.

"அவ என்னக் கேக்காமத்தான் குடுத்தா. அது தப்புதான். ஆனா அன்னைக்குக் கேட்டது அவன்லா? ஆத்தாளா இருந்தா என்ன, அவனா இருந்தா என்ன, கேட்டானே."

அவங்க கேட்டாங்கம்மா, நான்தான் பொய் சொன்னேன். எட்டு வார்த்தைகூட இல்லை. நான் போர்வையைச் சரிசெய்துவிட்டு டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனேன். அடுத்த மாதம் அம்மா போய்விட்டாள்.

இப்போது என் மகள் சொன்ன பதிலைச் சொல்கிறேன். யாரைக் கேட்டு வாங்கினாய் என்றதற்கு அவள் சொன்னாள்: "அவங்களே கேட்டாங்கம்மா, உங்கம்மாகிட்ட சொல்லிட்டியான்னு. அம்மா சரின்னாங்கன்னு சொல்லிட்டேன்."

அவ்வளவுதான்.

தரையை நானே துடைத்தேன். துடைக்கத் துடைக்க மணம் போகவில்லை. இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கழுவிய தூக்கை எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். வெறும் தூக்காகத்தான் எடுத்துப் போனேன். கேட்டு வாங்குவதற்காகப் போனேன்.

கதவைத் திறந்தவள் என்னைவிட இளையவள். தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

"அன்னிக்கு இவ சொன்னது பொய்ம்மா. என்னைக் கேக்கல" என்றேன். "அது உங்க தப்பு இல்ல. நீங்க கேட்டீங்க. இன்னிக்கு நானே கேக்க வந்திருக்கேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஐய, இதுக்குப் போய் இன்னாக்கா? உள்ள வாங்க, ஒக்காருங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பாங்கு சொன்னதும் அவர்கள் நோன்பு திறந்தார்கள். என் முன்னால் ஒரு எவர்சில்வர் கிண்ணம் நிறையக் கஞ்சி வந்தது. ஆவி முகத்தில் அடித்தது.

என் மகள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவளாகப் பேசினாள்.

"ஆறிடுச்சாம்மா?"

கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டேன்.

"இன்னும் ஆறல" என்றேன்.